சாவி மூன்று, குதிரை ஒன்று: இத்தாலிய முகமூடி நாடகம் எப்படி நடந்தது?

ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் வெனிஸ் நகரத் திருவிழாவின் படங்கள் பத்திரிகைகளில் வரும். வெள்ளை முகமூடியும் கறுப்பு அங்கியும் அணிந்தவர்கள் கால்வாய்க் கரையில் நிற்பார்கள். கீழே 'இத்தாலியின் பழைய நகைச்சுவை நாடகப் பாத்திரங்கள்' என்று ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலும் அந்தக் குறிப்பு தவறு. முகம் முழுவதையும் மறைக்கும் அந்த வெள்ளை முகமூடிக்கு பௌத்தா என்று பெயர். தன்னை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் சூதாட்ட விடுதிக்கும் அரங்குக்கும் போய்வர வெனிஸ்காரர்கள் அதை அணிந்தார்கள். பறவை அலகுபோல் மூக்கு நீண்டது, கொள்ளைநோய்க் கால மருத்துவரின் வேடம். இந்த இரண்டுமே தெருவிலும் திருவிழாவிலும் உலவியவை. நடிகர்களின் முகமூடிகள் அல்ல.

நாடக முகமூடியை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. அது நெற்றியிலிருந்து மேலுதடு வரைதான் இருக்கும். வாயும் தாடையும் வெளியே தெரியும். இரண்டு மணிநேரம் கத்திப் பேச வேண்டிய ஒருவனுக்காகச் செய்தது அது. அந்த மனிதன் யார், எழுதி வைத்த வசனம் இல்லாமல் அவன் எப்படிப் பேசினான், அந்த முறை இருநூறு ஆண்டு தாக்குப்பிடித்தது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயரில் இருக்கும் 'ஆர்த்தே'

இந்த நாடக வகைக்கு இன்று வழங்கும் பெயர் கொமேடியா தெல்லார்த்தே. 'ஆர்த்தே' என்றால் கலை என்று எடுத்துக்கொண்டு 'கலை நாடகம்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய நகரங்களில் அச்சொல்லுக்குத் தொழில், தொழிற்சங்கம் என்ற பொருளும் வலுவாக இருந்தது. புளோரன்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் சங்கத்தின் பெயரே 'ஆர்த்தே தெல்லா லானா'. அதன்படி பார்த்தால் கொமேடியா தெல்லார்த்தே என்பது தொழில்காரர்களின் நாடகம். பிழைப்புக்காக ஆடுகிறவர்களின் நாடகம்.

யாரிடமிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பெயர்? அதே காலத்தில் அரண்மனைகளிலும் கல்விக் கழகங்களிலும் இன்னொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. பண்டைய ரோமானிய நாடகாசிரியர்களான பிளாட்டஸையும் டெரன்ஸையும் பார்த்து அறிஞர்கள் எழுதியது. வசனம் முழுவதும் தாளில் இருக்கும். பிரபுக்களும் மாணவர்களும் விருப்பத்துக்கு நடிப்பார்கள். தொழில்காரர்கள் அந்தக் கதைகளைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். எழுதிய வசனத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்தப் பெயர்கூடப் பின்னால் வந்ததுதான். 1750இல் கார்லோ கோல்தோனி எழுதிய ஒரு நாடகத்தில்தான் அது முதலில் தென்படுகிறது. அதுவரை 'அப்போதைக்கப்போது ஆடும் நாடகம்' என்றும் 'ட்ஸான்னிகளின் நாடகம்' என்றும்தான் சொல்லிவந்தார்கள். ட்ஸான்னி யார் என்பதற்குப் பிறகு வருவோம்.

பதுவா நகரில் எட்டுப் பேர்

1545 பிப்ரவரி 25 அன்று பதுவா நகரில் எட்டு ஆண்கள் ஒரு நோட்டரியின் முன் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ட்ஸானினி என்று மேடையில் அறியப்பட்ட மஃபியோ தலைவர். அடுத்த ஆண்டின் தவக்காலம் தொடங்கும்வரை ஊர் ஊராகப் போய் நாடகம் ஆடுவது என்பது ஏற்பாடு. தொழில்முறை நடிகர் குழு ஒன்று எழுதிக்கொண்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒப்பந்தங்களில் மிகப் பழையது இதுதான். அதன் விதிகள் சில:

1. தலைவர் சொல்படி எல்லோரும் நடக்க வேண்டும்.
2. யாராவது நோயில் விழுந்தால் பொதுப் பணத்திலிருந்து அவரைக் கவனிக்க வேண்டும்.
3. சாமான் சுமக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு குதிரை வாங்க வேண்டும்.
4. வரும்படி ஒரு பெட்டியில் போகும். அதற்குச் சாவி மூன்று. மூன்று பேரிடம் ஒவ்வொன்று.
5. தங்களுக்குள் சீட்டாடக் கூடாது. தின்பண்டம் வைத்து ஆடினால் பாதகமில்லை.
6. நடுவில் ஓடிப்போகிறவர் 100 லிரா அபராதம் கட்ட வேண்டும்.

நகைச்சுவை பற்றியோ நடிப்பு பற்றியோ இதில் கோட்பாடு ஏதும் இல்லை. குதிரை, பெட்டி, வைத்தியச் செலவு, ஓடிப்போகிறவனைப் பற்றிய பயம், இவ்வளவுதான். ஆனால் இந்த நாடகத்தின் வடிவத்தைத் தீர்மானித்தவை இவைதான். ஒரு குதிரை சுமக்கும் அளவுக்குத்தான் உடையும் சாமானும் இருக்கலாம். போகிற ஊரில் மேடை இருக்குமா, சந்தைத் திடலில் பலகை அடித்து ஆட வேண்டியிருக்குமா என்பது தெரியாது. ஒருவர் படுத்துவிட்டால் அன்றைய கதையை அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு, வரிவரியாக ஒப்பிக்க வேண்டிய நாடகப் பிரதி பெரிய சுமை.

மேடையில் யார் யார்?

பாத்திரங்கள் நாடகத்துக்கு நாடகம் மாறுவதில்லை. கதை மாறும், ஆட்கள் அதே ஆட்கள்.

முதலில் கிழவர்கள். வெனிஸ் வணிகரான பந்தலோனே சிவப்பு இறுக்கக் கால்சட்டை, கறுப்பு மேலங்கி, வளைந்த மூக்கு கொண்ட முகமூடி, முன்னால் துருத்திய தாடி என்று வருவார். பணத்தை இடுப்போடு கட்டிக்கொண்டு, வயதுக்குப் பொருந்தாத காதலும் வைத்திருப்பார். இன்று நாம் சொல்லும் 'பேண்ட்' இந்தக் கிழவரின் கால்சட்டையிலிருந்து வந்த சொல். அவர் பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பாண்டலூன்' ஆகி, பிறகு சுருங்கி நம்மிடம் வந்து சேர்ந்தது. அவருடைய கூட்டாளி தொத்தோரே, பொலோன்யா நகரத்து அறிஞர். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அந்த ஊரில் இருந்ததால் அதன் பேராசிரியர்களைக் கிண்டல் செய்ய இவர் வசதியாகப் போனார். அரைகுறை லத்தீனைக் கலந்து பேசுவார். 'கடலில் இருக்கும் கப்பல் துறைமுகத்தில் இல்லை' என்ற வகை உண்மைகளை மாபெரும் கண்டுபிடிப்புபோல் நிறுவுவார். அவரை நிறுத்துவது எப்படி என்பதே பல காட்சிகளின் சிக்கல்.

அடுத்து வேலைக்காரர்கள். இவர்கள்தான் ட்ஸான்னிகள். ஜொவான்னி என்ற பெயரின் வட இத்தாலிய வடிவம் அது. கந்தசாமி, முனுசாமி என்பதுபோல் யாருக்கும் பொருந்தும் பெயர். பெர்காமோ மலைப்பகுதியில் பிழைப்பில்லாமல் இறங்கிவந்து வெனிஸ் நகரில் மூட்டை தூக்கிய ஆட்களைப் பார்த்துப் பிறந்த பாத்திரம். அவனுடைய முதல் குணம் பசி. இரண்டாவது குணமும் பசிதான். முதல் ட்ஸான்னி சூழ்ச்சிக்காரன். பிரிகெல்லா அந்த வகை. இரண்டாமவன் செய்ததையே குழப்பி வைப்பவன்; அர்லெக்கீனோ அந்த வகை. கொலொம்பினா என்ற பணிப்பெண்ணுக்கு முகமூடி கிடையாது. பல நேரம் மேடையில் அறிவு உள்ளவள் அவள் ஒருத்திதான். நேப்பிள்ஸ் பக்கம் வெள்ளைச் சட்டையும் கறுப்பு முகமூடியுமாக புல்ச்சினெல்லா தனியாக வளர்ந்தான். அவன் பொம்மலாட்டமாகி லண்டன் வரை போனான். சாமுவேல் பெப்பிஸ் 1662 மே மாதம் கோவென்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரின் 'பஞ்ச்' பொம்மை அந்த வழியில் வந்தது.

கப்பித்தானோ என்ற போர்வீரன் வாயால் மட்டும் போர் செய்பவன். பெரும்பாலும் ஸ்பானியன். அப்போது நேப்பிள்ஸும் மிலானும் ஸ்பெயினின் கையில் இருந்தன என்பதை நினைத்தால் கூட்டம் ஏன் அப்படிச் சிரித்தது என்பது விளங்கும்.

கடைசியாகக் காதலர்கள். முகமூடி இல்லை, நல்ல உடை, தூய தொஸ்கானி மொழி. மற்றவர்கள் எல்லாம் அவரவர் ஊர் வழக்கில் பேசுவார்கள். இத்தாலி ஒரே நாடாக அமைந்தது 1861இல்தான். அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் பேச்சுவகைகள் ஒரே மேடையில் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

(நம் இசை நாடக மேடையிலும் 'பபூன்' என்று நிலையான ஒரு வேடம் உண்டு. அந்தச் சொல்லின் வேர் இத்தாலியின் 'புஃபோனே'. பிரெஞ்சும் ஆங்கிலமும் அதைக் கைமாற்றிக் கொடுத்தன. சொல் வந்தது என்பதற்காக ஆட்டமும் அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.)

தோல் முகமூடி என்ன செய்கிறது?

நல்ல நாடக முகமூடி தோலால் ஆனது. முதலில் மரத்தில் முகத்தைச் செதுக்குகிறார்கள். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலை நனைத்து அந்த மர அச்சின் மேல் இழுத்து, ஓரங்களில் ஆணி அடித்து நிறுத்துகிறார்கள். பிறகு கொம்பினால் செய்த சிறு சுத்தியலாலும் மரக்குச்சிகளாலும் தட்டித் தட்டி, சுருக்கம், புருவ மேடு, மூக்குத் துளை எல்லாவற்றிலும் தோலை உட்கார வைக்கிறார்கள். காய்ந்ததும் அச்சிலிருந்து உரித்து, கண் துளை வெட்டி, ஓரம் மடித்து, சாயமும் மெழுகும் ஏற்றுகிறார்கள். காகிதக் கூழில் செய்தது கடையில் அழகாக இருக்கும். வியர்வை பட்டால் ஊறிப்போகும். தோல் வியர்வையை வாங்கிக்கொண்டு அணிபவரின் முகத்துக்கு ஏற்ப இளகும்.

முகமூடி பாத்திரத்தின் முகம் என்பது பாதிதான் சரி. நடிகனின் பார்வையிலிருந்து பார்த்தால் அது அவனிடமிருந்து சிலவற்றைப் பிடுங்கிக்கொள்கிறது. நெற்றி போயிற்று, புருவம் போயிற்று, கன்னம் போயிற்று. சந்தேகம், ஆச்சரியம், அச்சம் ஆகியவற்றை நாம் சாதாரணமாகக் காட்டும் இடங்கள் அவைதான். அவை மூடிக்கொண்டதும் அந்த வேலை கழுத்துக்கும் முதுகுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கண்ணை மட்டும் திருப்பினால் யாருக்கும் தெரியாது. தலையையே திருப்ப வேண்டும். மூக்கு எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கூட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடை, ஒரு நிலை உண்டாயிற்று. பந்தலோனேக்குக் கூனிய முதுகு; ஆபத்து வந்தால் மட்டும் இளைஞன்போல் ஓட்டம். தொத்தோரே தொப்பையை முன்னால் தள்ளி, சிறிய அடி வைத்து வட்டமடிப்பார். அர்லெக்கீனோ பூனைபோல் பதுங்குவான், குட்டிக்கரணம் அடிப்பான். திடலின் கடைசி வரிசையில் நிற்பவனுக்கு வசனம் காதில் விழாவிட்டாலும் யார் வந்திருக்கிறார் என்பது நடையிலேயே தெரியும்.

காதலர்களுக்கு ஏன் முகமூடி இல்லை என்பதற்கும் இதுவே விடை. அவர்களுடைய வேலை உடலில் இல்லை. பேச்சிலும் முக அழகிலும் இருந்தது.

எழுதாத நாடகம்

இப்போது முக்கியமான குழப்பத்துக்கு வருவோம். 'அப்போதைக்கப்போது ஆடினார்கள்' என்பதைக் கேட்டதும், மேடையேறி மனதில் தோன்றியதைப் பேசினார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் ஒரு வாரத்தில் குதிரையை விற்றிருப்பார்கள். மேடையேறும் முன் அவர்கள் கையில் இருந்தவை இவை.

1. கதைச் சட்டகம். இத்தாலியில் இதற்குக் கனோவாச்சியோ என்று பெயர். முரட்டுத் துணி என்று பொருள். சில தாள்களில், யார் வருகிறார், என்ன தெரிந்துகொள்கிறார், யாரை அடிக்கிறார், எப்போது போகிறார் என்பது மட்டும் இருக்கும். வசனம் இருக்காது. திரைக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே வந்தவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு மறுபடி வெளியே போவார். ஃபிளமினியோ ஸ்காலா 1611இல் இப்படி 50 சட்டகங்களை அச்சிட்டார். இன்று அவற்றைப் படித்தால் சிரிப்பு வராது. சமையல் குறிப்பைப் படித்து யாருக்கும் வயிறு நிறைவதில்லை அல்லவா?

ஆடுவதற்கு முன் குழுத்தலைவர் எல்லோரையும் உட்கார வைத்து இதை விளக்குவார். நேப்பிள்ஸில் 1699இல் இந்தத் தொழிலைப் பற்றி நூல் எழுதிய அந்திரேயா பெருச்சி, எது யாருடைய வீடு என்பதை ஒவ்வொருவரும் மறக்காமல் நினைவில் வைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். மேடையில் இரண்டு மூன்று வீட்டு வாசல்கள்தான் இருக்கும். தன் வீடு என்று நினைத்து அடுத்தவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் கதை அங்கேயே கவிழ்ந்துவிடும்.

2. மனப்பாடச் சரக்கு. ஒவ்வொரு நடிகரும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். காதலிக்கு ஊடல் பேச்சு, பொறாமைப் பேச்சு, பிரிவுப் பேச்சு, நிலவைப் பழிக்கும் பேச்சு. கப்பித்தானோவுக்கு வீரப் பிரதாபங்கள். தொத்தோரேவுக்கு உளறல்கள். காட்சியை விட்டு வெளியேறும்போது சொல்லக் கைவசம் எதுகை அமைந்த இரண்டு வரிகள். சந்தர்ப்பம் வந்ததும் பொருத்தமானதை எடுத்து விடுவார்கள். கப்பித்தானோ ஸ்பவெந்தோவாக ஆடிய ஃபிரான்செஸ்கோ அந்திரேயினி, தன்னுடைய பிரதாபங்களை 1607இல் நூலாகவே வெளியிட்டார். காதலனாக நடிப்பவர் கவிதை படிக்காமல் காலம் தள்ள முடியாது. ஆகவே குழுவில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள்.

3. லாட்ஸி. கதையை நிறுத்திவிட்டு நடக்கும் சிறு நகைச்சுவைச் செய்கைகள் இவை. கூட்டம் சோர்ந்தால் ஒன்றை அவிழ்த்துவிடலாம். நன்றாகப் போனால் நீட்டலாம். உள்ளே ஒருவர் உடை மாற்றி முடிக்கும்வரை நேரம் கடத்தலாம். மிகப் பேர்பெற்றது ஈ பிடிப்பது. பசியில் வாடும் ட்ஸான்னியின் காதில் ஒரு ஈயின் ரீங்காரம். மேடையில் ஈ இல்லை. அவனுடைய தலைதான் அதன் பாதையை வரைகிறது. மேலே போகிறது, சுற்றுகிறது, உட்காருகிறது. மூச்சை அடக்கி, விரல்களைக் குவித்து, அடி அடியாக நெருங்கிப் பிடித்துவிடுகிறான். கைக்குள் அது துடிக்கிறது. ஒரு சிறகைப் பிய்க்கிறான், மறு சிறகையும் பிய்க்கிறான். கோழிக்கறி தின்பதுபோல் ரசித்து, மென்று, விழுங்குகிறான். இதற்கு நேரம் எவ்வளவு ஆகும் என்பதை அவனும் கூட்டமும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் விழும் என்பது அவனுக்கு நூறு தடவை செய்து தெரிந்த ஒன்று.

4. ஒரே வேடம். பந்தலோனேயாக ஆடத் தொடங்கியவர் பெரும்பாலும் கடைசிவரை பந்தலோனேதான். இருபது ஆண்டு ஒரே மனிதனாக வாழ்ந்தவருக்கு, எந்தச் சூழலில் வைத்தாலும் அவன் என்ன சொல்வான் என்பதை யோசிக்கத் தேவையில்லை. எதிரில் நிற்பவரும் அப்படியே. எப்போது குறுக்கிட வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய பழக்கம் சொல்லிக்கொடுத்தது. புதிதாக ஒரு சரியில்லாத ஆள் வந்து சேர்ந்தால் முழுக்குழுவும் தடுமாறியதும் இதனால்தான்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்குப் புதிதாகப் பிறந்தது கோர்வை மட்டும்தான். துண்டுகள் எல்லாம் முன்பே தயார்.

பெண்கள் மேடையேறினார்கள்

பதுவா ஒப்பந்தத்தில் எட்டுப் பேரும் ஆண்கள். இருபது ஆண்டுக்குள் நிலைமை மாறியது. 1564 அக்டோபரில் ரோமில் எழுதிய இன்னோர் ஒப்பந்தத்தில் சியெனா ஊர் லுக்ரேசியா என்ற பெண்ணின் பெயர் இருக்கிறது. தொழில்முறைக் குழுவின் ஒப்பந்தத்தில் நமக்குத் தெரியவரும் முதல் பெண் பெயர் அது. இங்கிலாந்தில் 1660இல்தான் பெண்கள் தொழில்முறையாக மேடையேறத் தொடங்கினார்கள். 1608இல் வெனிஸ் போன ஆங்கிலப் பயணி தாமஸ் கோரியட், பெண்கள் நடிப்பதைத் தன் வாழ்நாளில் அங்கேதான் முதன்முதலாகக் கண்டதாக எழுதினார்.

இவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜெலோசி குழுவின் இசபெல்லா அந்திரேயினி. மேலே சொன்ன ஃபிரான்செஸ்கோவின் மனைவி, கவிஞர், 1588இல் நாடக நூல் ஒன்றை அச்சில் வெளியிட்டவர். 1589 மே மாதம் புளோரன்ஸில், அந்நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் திருமண விழாவில் அவர் 'இசபெல்லாவின் பித்து' என்ற கதையை ஆடினார். காதலில் ஏமாந்து புத்தி பேதலித்த பெண், பல மொழிகளைக் கலந்து உளறுகிறாள். பிறகு தன் குழுவின் பந்தலோனே, தொத்தோரே, ட்ஸான்னி, கப்பித்தானோ ஒவ்வொருவரும் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசிக் காட்டுகிறாள். பித்து என்ற சாக்கில் மொத்தக் குழுவையும் ஒரே பெண் தன் தொண்டைக்குள் அடக்கிவிட்டார். முகமூடி இல்லாத பாத்திரத்துக்கு எல்லா முகமூடிகளின் குரலும் கிடைத்தது அன்றைக்குத்தான். 1604இல் லியோன் நகரில், கருச்சிதைவில் அவர் இறந்தபோது பதக்கம் வார்த்து நினைவு கொண்டாடினார்கள். கணவர் அத்தோடு ஜெலோசி குழுவைக் கலைத்துவிட்டார்.

திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. மிலானின் பேராயர் கார்லோ பொரோமியோ நடிகர்களைக் கடுமையாக எதிர்த்தார். பெண்கள் மேடையேறியது ஒரு காரணம். எழுதிய பிரதியே இல்லாத நாடகத்தை முன்கூட்டித் தணிக்கை செய்வது எப்படி என்பது இன்னொன்று.

பாரிஸ்: சிரிப்பும் வெளியேற்றமும்

1577இல் மூன்றாம் ஹென்றி மன்னர் ஜெலோசி குழுவை பிரான்சுக்கு அழைத்தார். வழியில் புராட்டஸ்டன்ட் படையினர் குழுவைப் பிடித்து வைத்துக்கொள்ள, மன்னர் மீட்புப்பணம் கொடுத்து விடுவித்தார். பாரிஸில் நுழைவுக் கட்டணம் ஆளுக்கு நான்கு சூ என்ற பிரெஞ்சுக் காசு. நகரின் சிறந்த போதகர்கள் நான்கு பேருக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு கூட்டம் வராது என்று நாட்குறிப்பாளர் பியேர் தெ லெத்துவால் குறித்து வைத்தார். இத்தாலிய மொழி தெரியாத ஊரில் இது நடந்தது. முகமூடியும் உடலும் முன்பே செய்துவைத்த வேலை அங்கே பலன் கொடுத்தது.

அர்லெக்கீனோவாக ஆடியவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் திரிஸ்தானோ மார்த்தினெல்லி. பிரெஞ்சு மன்னருக்குக் காணிக்கையாக லியோன் நகரில் 1601 வாக்கில் ஒரு நூல் வெளியிட்டார். மொத்தம் 70 பக்கம். அதில் 59 பக்கம் வெற்றுத்தாள். இதற்குப் பெரிய தத்துவ விளக்கம் எழுதியவர்கள் உண்டு. மன்னரிடம் பரிசு கறக்க ஒரு கோமாளி செய்த லாட்ஸி என்று எடுத்துக்கொண்டால் போதும்.

1658இல் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் பாரிஸ் திரும்பியபோது அவருக்குக் கிடைத்த அரங்கை ஏற்கெனவே ஸ்கராமூஷ் வேடத்துக்குப் பேர்போன திபேரியோ ஃபியோரில்லியின் குழு வைத்திருந்தது. இரு குழுக்களும் நாள் மாற்றி ஆடின. இத்தாலியரிடம் மோலியேர் கற்றது அவர் நாடகங்களின் கிழவர்களிலும் வேலைக்காரர்களிலும் தெரிகிறது. 1697இல் பதினான்காம் லூயி இத்தாலியரை வெளியேற்றினார். தன் துணைவி மேடம் தெ மாந்தெனோனைக் கிண்டல் செய்யும் நாடகம் அறிவிக்கப்பட்டதே காரணம் என்று சொல்வார்கள். லூயி இறந்தபின், 1716இல் லூயிஜி ரிக்கொபோனியின் தலைமையில் திரும்பி வந்தார்கள்.

கோல்தோனி பேனா எடுத்தார்

பதினெட்டாம் நூற்றாண்டில் சரக்கு பழசாகிவிட்டது. அதே லாட்ஸி, அதே கெட்ட வார்த்தை, பாட்டன் காலத்து மனப்பாடப் பேச்சு. வெனிஸ் வழக்கறிஞரான கோல்தோனிக்கு எரிச்சல் வந்தது. 1738இல் ஒரு நாடகத்தின் முதன்மைப் பாத்திரத்துக்கு மட்டும் வசனம் எழுதிக் கொடுத்தார். பிறகு மெல்ல மெல்ல முழு நாடகத்தையும் எழுதினார், முகமூடிகளைக் குறைத்தார், வணிகர்களையும் வீட்டுப் பெண்களையும் வெனிஸ் தெருக்களில் பார்த்தபடி மேடையேற்றினார்.

இந்த மாற்றத்தின் நடுவில் பிறந்தது, 1745இல் அந்தோனியோ சாக்கி என்ற நடிகருக்காக அவர் அமைத்த 'இரண்டு எசமானர்களுக்கு ஒரு வேலைக்காரன்'. முதலில் பெரும்பாலும் சட்டகமாகத்தான் கொடுத்தார். சாக்கி தன் போக்கில் ஆடினார். மற்ற நடிகர்கள் கையில் அது சிதைவதைப் பார்த்தபின் முழுவதையும் எழுதி அச்சிட்டார். நமக்கு அது அதிர்ஷ்டம். மறைந்துபோயிருக்க வேண்டிய சில செய்கைகள் அதில் உறைந்து நிற்கின்றன. பிரித்துவிட்ட ஒரு கடிதத்தை மறுபடி ஒட்ட வேண்டும். அர்லெக்கீனோ வகை வேலைக்காரனான ட்ருஃபால்தினோவிடம் பசை இல்லை; ரொட்டித் துண்டு இருக்கிறது. மென்று ஈரமாக்கினால் ஒட்டும். மெல்கிறான், நாலு நாள் பசி, தானாக உள்ளே போய்விடுகிறது. மறுபடி ஒரு துண்டு; அதுவும் போய்விடுகிறது. கடைசித் துண்டை மிகுந்த துயரத்தோடு வாயிலிருந்து மீட்கிறான். இன்னோரிடத்தில், சாப்பாட்டு மேசையில் எந்தத் தட்டு எங்கே இருக்க வேண்டும் என்று காட்ட, எசமானர் பத்திரமாக வைக்கச் சொன்ன உண்டியலை, அதாவது பணம் பெறுவதற்கான வணிகச் சீட்டை, துண்டு துண்டாகக் கிழித்துத் தரையில் அடுக்குகிறான். ஒரு வணிகனின் பணமெல்லாம் அந்தத் தாள். பசித்தவனுக்கு அது வெறும் தட்டு.

கார்லோ கோட்ஸி என்ற பிரபு கோல்தோனியை எதிர்த்தார். சாக்கி குழுவை வைத்தே 1761இல் ஒரு தேவதைக் கதையை மேடையேற்றி, முகமூடிகள் இன்னும் சாகவில்லை என்று காட்டினார். கூட்டம் அங்கே திரண்டது. 1762இல் கோல்தோனி வெனிஸை விட்டு பாரிஸ் போனார். ஆனால் நாடகம் என்றால் எழுதுவது என்ற எண்ணம் அவர் பக்கமே நின்றது. கோட்ஸியும் போகப்போக வசனம் எழுதியவர்தானே.

1947க்குப் பிறகு பார்ப்பது

இன்று உலகம் 'கொமேடியா' என்று பார்ப்பதில் பெரும்பகுதி, அறுந்த கயிற்றை மறுபடி முடிந்தது. 1947இல் மிலானின் பிக்கொலோ தியாத்ரோவில் இயக்குநர் ஜோர்ஜியோ ஸ்டிரேலர் அந்த வேலைக்காரன் நாடகத்தையே எடுத்தார். முகமூடி அணிந்து ஆடத் தெரிந்தவர் எவரும் குழுவில் இல்லை. அர்லெக்கீனோவாக நடித்த மார்ச்செல்லோ மொரெத்தி தொடக்கத்தில் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டுதான் ஆடினார். பதுவாவின் சிற்பி அம்லெத்தோ சர்த்தோரி தோல் முகமூடி செய்யும் முறையைப் பழைய மாதிரிகளிலிருந்து சோதித்துச் சோதித்து மீட்டெடுத்தபிறகே உண்மையான முகமூடி மேடைக்கு வந்தது. எட்டுப் பேர் ஒப்பந்தம் எழுதிய அதே ஊர்.

மொரெத்தி 1961இல் இறந்தார். அவருக்கு மாற்றாக ஆடிவந்த ஃபெருச்சோ சொலேரி வேடத்தை ஏற்று, 2,000 தடவைக்கு மேல், எண்பது வயது கடந்தும் ஆடினார். ஒரே வேடம், ஆயுள் முழுக்க என்ற பழைய விதி அவரிடம் மட்டும் அப்படியே நடந்தது. ஈ பிடிக்கும் செய்கை அந்த மேடையில் அவருடைய கைகளில் பெயர் பெற்றது. வசனம் அச்சில் இருந்தது, ஈ இல்லை.